தறப்பாள் வரிசை

சுவிஸில், லுசேர்ன் ரயில் நிலையத்தில் பதினொன்று பத்துக்கு இறங்கிய சற்குணராசாவுக்கு, இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது, ஐம்பது நிமிடத்தில் ஒரு மனிதன் எதை வேண்டுமானாலும் தீர்மானித்துக்கொள்ளலாம், வந்த ரயிலிலேயே திரும்பிப் போவதைக்கூடத் தீர்மானித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பன்னிரண்டு மணிக்கு வாசலில் தனியாக நிற்கிற பழைய வளைவுக்குக் கீழே நில், அங்கை இங்கை அசையாதே என்று சிநேகிதன் சோதி போனில் சொல்லியிருந்தான். மகள் கஜந்தினி அவசரக்காரி. ஜெர்மனியில் அவள் இருக்கிற ஸ்ருட்காட்டில் ஒரு ரயில் முந்தியே ஏற்றிவிட்டாள். பிந்தினால் சோதி மாமா தேடுவார் அப்பா, முந்தினால் ஒருத்தரும் தேடமாட்டினம் என்று ஒரு நியாயமும் சொன்னாள். வளைவு சொன்ன இடத்தில் இருந்தது. பெரிய கல் வளைவு, உச்சியில் சிலைகள், பின்னால் கட்டடம் என்று ஒன்றும் கிடையாது. பழைய நிலையம் எப்போதோ எரிந்துபோனதாம், வாசலை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்களாம். எரிந்துபோனது என்ற சொல்லில் அவருடைய மனம் கொளுவிக்கொண்டது. எரிந்துபோவது வேறு, எரிப்பது வேறு. தானாக எரிந்துபோக ஆள் தேவையில்லை. எரிக்க ஒரு ஆள் வேண்டும், கையில் கொள்ளியோடு நிற்கிற ஒரு ஆள். சோதியின் தாய் பொன்னுப்பிள்ளைக்கு அந்த ஆள் சற்குணராசாவாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இருந்தேன் என்று சோதிக்குக் கடிதம் எழுதினார். இருபத்தெட்டு வருடம் கிடந்த அந்தப் பொய்யை இன்றைக்கு அவிழ்த்துவிடுவது என்றுதான் அவர் வந்திருக்கிறார்; இல்லை, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, மனைவி மங்களம் சுட்டுக் கொடுத்த தட்டை வடையைக் கையில் கொடுத்துவிட்டு, பின்னேர ரயிலில் போய்விடுவது என்று வந்திருக்கிறார். இரண்டில் எது என்று அவருக்கே தெரியாது. பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தார்.

ஏரி ரோட்டைக் கடந்தவுடனே இருந்தது, வீட்டு முற்றத்தில் கிணறு இருக்கிற மாதிரி. வெள்ளைக் கப்பல்கள் கரையில் கட்டியபடி நின்றன. அந்தப் பக்கம் பழைய மரப்பாலம், அதை ஒட்டி எட்டு மூலைக் கல்கோபுரம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மலை, ஆனி மாதத்திலும் நெற்றியில் கொஞ்சம் வெள்ளை. வடிவான ஊர்தான். சோதி இந்த வடிவுக்குள் முப்பத்தெட்டு வருடமாக இருக்கிறான், அதுவும் சோதியாக இல்லை. இங்கே அவன் பெயர் வல்லிபுரம் சற்குணராசா. வல்லிபுரம் இவருடைய அப்பா. பிறந்த தேதி இவருடையது. எண்பத்தாறில் இரத்தினசோதி என்ற பெயர் ஆமியின் பட்டியலில் ஏறிவிட்டது, அந்தப் பெயரோடு விமான நிலையத்தைத் தாண்டுவது நடவாத காரியம் என்று ஆனபோது, இவர்தான் தன் பிறப்புப் பத்திரத்தைத் தூக்கிக் கொடுத்தார். ஏஜென்சிக்காரன் அதை வைத்து ஒரு பாஸ்போட் செய்தான். வந்த இடத்தில் சோதி அந்தப் பெயரிலேயே அகதி விண்ணப்பம் போட்டான், அந்தப் பெயரிலேயே ஹோட்டலில் கோப்பை கழுவினான், சமையல்காரனானான், கலியாணம் முடித்தான், பிரசை ஆனான். அவனுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் கடைசிப் பெயர் சற்குணராசா. ஆகவே இன்று காலை எல்லை கடக்கும் இடத்தில் இரண்டு பொலிஸ்காரர் ரயில் பெட்டிக்குள் ஏறி, ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, வேறு யாரிடமும் கேட்காமல் நேரே இவரிடம் கையை நீட்டியபோது, உண்மையான சற்குணராசா பாஸ்போட்டைத் தலைகீழாக நீட்டினார். கம்பியூட்டரில் அடித்துப் பார்த்தால் இதே ஆள் லுசேர்னில் வரி கட்டிக்கொண்டு இருக்கிறானே என்று வராதா? நீ யார் என்று கேட்டால் நான்தான் நான் என்று எந்தப் பாஷையில் சொல்லுவது? பொலிஸ்காரன் விசாவைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், நன்றி என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அசல் நடுங்க, நகல் அந்த நேரத்தில் தன் வீட்டில் ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டு இருந்திருப்பான். பெயரை இரவல் கொடுத்தவனுக்கு இந்தப் பயம்கூட இல்லாவிட்டால் எப்படி என்று சற்குணராசா தன்னையே நக்கலடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி போட்டிருந்த மர வாங்கு ஒன்றில் குந்தினார்.

பெயரைச் சும்மா வாங்கிக்கொண்டு போகவில்லை சோதி. போகிற அன்றைக்கு ஒழுங்கை முடக்கில் நின்று சொன்னான், உன்ரை பேரிலை நான் போறன் மச்சான், என்ரை இடத்திலை நீ நில்லு, அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. நான் பாக்கிறன், நீ போ என்று இவர் சொன்னார். இருபத்தாறு வயதில் அப்படிச் சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டியிருக்கவில்லை. பார்த்தும் கொண்டார், இல்லையென்று சொல்ல முடியாது. கிழமைக்கு இரண்டு தரம் போய், விறகு கொத்திக் கொடுத்து, மருந்து வாங்கிக் கொடுத்து, கடிதம் வாசித்துக் காட்டி, மாமி மாமி என்று ஒன்பது வருடம். ஒன்பது வருடம் பார்த்ததைக் கணக்கில் எடுக்காமல் கடைசி ஐந்து மணித்தியாலத்தை மட்டும் எடுக்கிற நெஞ்சை என்ன செய்வது? அங்கே சோதி தன் பக்கத்தைச் சரியாகச் செய்துகொண்டு இருந்தான் என்பதுதான் இன்னும் வதை. தொண்ணூற்றொன்றில் வல்லிபுரம் இறந்துபோன செய்தி வந்ததும் ஹோட்டல் முதலாளி, உன்னுடைய அப்பா அல்லவா என்று மூன்று நாள் லீவு கொடுத்து அனுப்பிவிட்டாராம். லீவை எடுத்திட்டுச் சும்மா கிடக்க மனம் வரேல்லை மச்சான் என்று எழுதியிருந்தான். மூன்று நாளும் மரக்கறி சமைத்திருக்கிறான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் வல்லிபுரத்துக்கு விரதம். விரதத்துக்கு வைக்கிற காத்தோட்டிக்காய் இஞ்சை கிடையாது, பாவற்காய் வைக்கிறன், காகம் வருது, ஆனால் இந்த ஊர்க் காகம் சோத்தை மோந்து பாத்திட்டுப் போகுது என்று ஒரு கடிதம். தன் சொந்தத் தகப்பன் முகத்தையே தெரியாத சோதி இவருடைய தகப்பனுக்குப் பாவற்காய் வைக்கிறான். இவரோ சோதியின் தாயின் பாடைக்குத் தோள் கொடுக்கக்கூடப் போகவில்லை. முன்னால் ஒரு அன்னம் வந்து, பையில் ஏதும் உண்டா என்று கேட்கிற மாதிரிக் கழுத்தை நீட்டியது. உனக்கு வடை சரிவராது, உறைப்பு என்று சொல்லிக் காலை இழுத்துக்கொண்டார்.

எப்படித் தொடங்குவது? சோதி, உன்னட்டை ஒண்டு சொல்லோணும். அது சரியில்லை, யாருக்கோ புற்றுநோய் என்று நினைத்துவிடுவான். சோதி, அந்தக் கடிதம் இருக்கெல்லே. அதுவும் சரியில்லை. நாற்பத்தொன்று என்ற எண் நடுவில் வந்து நிற்கிறது, எப்போதும் போல. நாற்பத்தொன்று. முன்னால் நாற்பது பேர். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வீடுவாசலை விட்டு வெளிக்கிட்ட அந்த ஐப்பசிக் கடைசி, பிறகு விடாத மழை. இவரும் மங்களமும் மீசாலையில் யாரோ ஒருவருடைய தென்னங்காணியில், இரண்டு சீலையை மரத்துக்கு மரம் கட்டி இருந்தார்கள். மங்களத்துக்கு எட்டு மாதம். சீலையால் வடிகிற தண்ணீரை அவள் சட்டியில் ஏந்தி ஏந்தி ஊற்றுவாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பொன்னுப்பிள்ளை மாமி அயலவர்களின் உழவு மெஷினில் போய்க் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். முதல் கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தார், காய்ச்சல், தேத்தண்ணியில் பாணைத் தோய்த்துத் தின்றாள். பிறகு ஒரு நாள் நிவாரணக்காரர் மழைக்குக் கூரையாகக் கட்டத் தறப்பாள் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விடியவே போய் வரிசையில் நின்றார். ஒன்பது மணிக்குச் சைக்கிளில் வந்த ஒரு பெடியன் வரிசை நெடுகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்து சொன்னான், அண்ணை, பள்ளிக்கூடத்திலை இருந்த பொன்னுப்பிள்ளை அம்மா முடிஞ்சு போனா. சரி தம்பி, வாறன் எண்டு சொல்லு என்றார். சொன்னார்தானே. சொல்லிவிட்டு நின்றார். பின்னேரம்தான் எடுப்பார்கள் என்று நினைத்தார், சத்தியமாக அப்படித்தான் நினைத்தார், செத்த வீட்டில் எங்கே நேரத்தோடு எடுத்திருக்கிறார்கள். வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடும், இன்னொரு நாள் தருவார்களோ தெரியாது, வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. பத்து மணிக்கு இருபத்தாறாம் ஆள். பதினொரு மணிக்குப் பதினெட்டு. ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான். பன்னிரண்டரைக்கு நீல நிறத்தில் மடித்த தறப்பாளைக் கையில் வாங்கும்போது ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அந்தச் சந்தோஷத்தைத்தான் அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கரியரில் கட்டிக்கொண்டு கொடிகாமத்துக்கு மிதித்தார். சனம் நிறைந்த பள்ளிக்கூடத்தில் பிரேதத்தை வைத்திருக்க முடியாது என்று பதினொரு மணிக்கே எடுத்துவிட்டார்களாம். சுடலைக்குப் போனபோது இரண்டு மணி. புகைந்துகொண்டிருந்தது. மண்வெட்டி கழுவிக்கொண்டு நின்ற ஒருவர் சொன்னார், ஆரோ அரியாலைப் பக்கத்து மனுசன் கொள்ளி வைச்சிட்டுப் போறார், பாவம், ஆக்கள் இல்லாத மனுசியாம்.

ஆக்கள் இல்லாத மனுசி. அந்த அரியாலை மனிதனின் பெயரைக்கூட இவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நீங்கள் ஆர் என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். புகை அடங்கும்வரை தறப்பாள் கட்டிய சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டு, இருட்ட முதல் கட்டவேண்டுமே என்று திரும்பிப் போனார். நாலாம் நாள் கொழும்புக்குப் போகிற ஒருவர் கடிதம் இருந்தால் தாங்கோ என்றார். உண்மையை எழுதத்தான் இருந்தார். அன்புள்ள சோதிக்கு என்று எழுதியதும், தனியே ஒரு அறையில் நின்று அதைப் பிரிக்கப்போகிற அவனுடைய கை கண்ணுக்குள் வந்தது, பேனை தன்பாட்டில் போகத் தொடங்கிவிட்டது. மழை விட்டிருந்தது என்று எழுதினார். மாமியின் முகம் நித்திரை கொள்ளுற மாதிரி இருந்தது என்று எழுதினார். பறை ஒழுங்கு செய்ய முடியவில்லை, ஆனால் தேவாரம் படித்தோம், சந்தனக்கட்டை ஒரு துண்டு தேடிப் பிடித்தோம் என்று எழுதினார். உன் இடத்தில் நின்று, மொட்டை அடித்து, குளித்து, ஈரவேட்டியோடு நான்தான் கொள்ளி வைத்தேன், ஒரு குறையும் இல்லை என்று எழுதினார். எழுதும்போது அவருக்கே அழுகை வந்தது. பொய் எழுதி அழுகிற மனிதனைப் பார்த்த மங்களம், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னாள், இஞ்சேருங்கோ, நல்லாத்தான் இருக்குது, அப்படியே அனுப்புங்கோ, பிறகொரு நாளும் இதைப் பற்றிக் கதையாதேங்கோ. அவளுடைய கெட்டித்தனம் அது, ஒன்றை மூடினால் மூடினதுதான். இவருக்கு அது வராது. மார்கழியில் கஜந்தினி பிறந்தாள், அந்த நீலத் தறப்பாளுக்குக் கீழே, ஒரு சொட்டு நனையாமல். முப்பத்தோராம் நாள் சாவகச்சேரிப் படக்காரர் ஒருவரைப் பிடித்து ஒரு படம் எடுத்து அதையும் சோதிக்கு அனுப்பினார். பிள்ளை நல்ல வடிவு என்று பதில் வந்தது, தாயைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் எந்தப் போனிலும் அவன் தாயின் சாவைப் பற்றி ஒன்றுமே கேட்டதில்லை. கேட்காதவரைக்கும் நல்லது என்று இவர் இருந்தார். ஆனால் கேட்காத கேள்விதான் ஒவ்வொரு சித்திராப் பௌர்ணமிக்கும், ஊரெல்லாம் தாய்மாருக்கு விரதம் பிடிக்கிறபோது, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வந்து குந்திக்கொள்ளும்.

போன கிழமை போனில் அவன் சொன்னான், நீ வரேக்கை ஒண்டு கேக்கோணும் மச்சான், நேரிலைதான் கேக்கோணும். அவ்வளவுதான். வைத்துவிட்டான். அதிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அரியாலை மனிதன் எங்கேயாவது இருப்பான், அவனுடைய மகன் சுவிஸில் இருப்பான், கோயில் திருவிழாவில் அன்னதானப் பந்தியில் சோதிக்குப் பக்கத்தில் இருந்து, எங்கடை அப்பா இடம்பெயர்ந்த நேரம் ஆக்கள் இல்லாத ஒரு மனுசிக்குக் கொள்ளி வைச்சவர் என்று கதை சொல்லியிருப்பான். நடக்காதா? உலகத்தில் எங்கே போனாலும் எங்கடை ஆட்கள் பந்தியில் இருந்தால் கதை வராமல் இருக்குமா? மணி பதினொன்று ஐம்பது. கரையில் ஒரு கப்பல் ஊதியது. ஏறிக் குந்தினால் அது எங்கேயோ ஒரு மலையடிக்குக் கொண்டுபோய் விடும், சோதி வளைவுக்குக் கீழே நின்று தேடுவான், போனை அணைத்து வைத்துவிட்டு, வழி தவறிவிட்டேன் மச்சான், பாஷை தெரியாது என்று பின்னேரம் சொல்லலாம். எழும்பி நாலு எட்டு கப்பல் பக்கமும் வைத்துவிட்டார். அப்போது பழைய சந்தேகம் ஒன்று வந்தது, இது அவருக்குப் பழக்கமான சந்தேகம்: இந்த வரிசையிலும் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம்தான் இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லிச் சொல்லி, சோதியும் முடிந்துபோன பிறகு சைக்கிளில் போய்ச் சேருகிற ஆளாகத்தான் இருக்கப்போகிறாயா? அறுபத்து நாலு வயது. இரண்டு பேருக்கும் சீனி வருத்தம், இரண்டு பேருக்கும் பிரஷர். சற்குணராசா திரும்பி வேகமாக வளைவை நோக்கி நடந்தார், மூச்சு வாங்கியது.

சோதி அங்கே நின்றான். முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகும் அந்த நிற்பு மாறவில்லை, ஒரு காலில் பாரத்தைப் போட்டு, சண்டைக்கு வந்தவன் மாதிரி. வயிறு வைத்திருந்தது, மீசை நரைத்திருந்தது. அவன் ஓடிவரவில்லை, அழவில்லை. கிட்ட வந்து, இவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, பிறகு திரும்பவும் தலையைப் பார்த்து, ஒரு மயிரும் இல்லாத அந்த வழுக்கையில் உள்ளங்கையை வைத்தான்.

"கடைசியிலை மொட்டை விழுந்திட்டுது போல," என்றான்.

"நாப்பதிலையே போகத் தொடங்கீட்டுது," என்றார் சற்குணராசா. பிறகுதான் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். சோதியின் தோளில் கருவேப்பிலை மணத்தது.

வீடு பழைய நகரத்து மதிலுக்கு அந்தப் பக்கம்தான், பஸ் வேண்டாம், பாலத்தாலை நடப்பம், வெளியூர்க்காரர் எல்லாம் இதைப் பாக்கத்தான் வாறவங்கள் என்று அவன் பையைப் பறித்துக்கொண்டு நடந்தான். கூரை போட்ட மரப்பாலம், உள்ளே நிழலும் பழைய மரத்தின் வாசமும். தலைக்கு மேலே முக்கோணப் பலகைகளில் பழங்காலப் படங்கள். நடுவில் பல இடத்தில் படம் இல்லை. தொண்ணூற்று மூன்றில் பாலம் எரிஞ்சது, படமெல்லாம் போச்சுது, பாலத்தைத் திருப்பிக் கட்டினவங்கள், போன படத்தை என்ன செய்யிறது, இடத்தை அப்படியே விட்டிட்டாங்கள் என்று சோதி சொன்னான். இந்த ஊரில் எதைத் தொட்டாலும் எரிந்ததில்தான் போய் முடிகிறது என்று இவர் நினைத்தார். யப்பான்காரர் ஒரு கூட்டம் படம் பிடித்துக்கொண்டு கடந்து போயிற்று. கோபுரத்துக்குக் கிட்ட வந்ததும் சோதி நின்றான், கைபிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டான்.

"ஒண்டு கேக்கோணும் எண்டனான் எல்லே," என்றான். "இப்ப ஹோட்டலிலை இருந்து ஓய்வு எடுத்தாச்சு. வாற சித்திரைக்கு ஊருக்குப் போவம் எண்டு இருக்கிறன். பௌர்ணமி அண்டைக்கு அம்மாவை எரிச்ச இடத்திலை ஒருக்கா நிக்கோணும். எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. நீ வந்து இடத்தைக் காட்டுவியோ?"

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. "சோதி, நான் கொள்ளி வைக்கேல்லை," என்று சற்குணராசா சொன்னார். சொன்னது தன் குரலா என்று பார்ப்பதற்குள் மற்றதெல்லாம் வரத் தொடங்கிவிட்டது, வரிசை, சைக்கிளில் வந்த பெடியன், தெற்கே கறுத்த வானம், இருபத்தாறு, பதினெட்டு, கரியரில் கட்டிய தறப்பாள், புகை, மண்வெட்டி, பெயர் கேட்காத அரியாலை மனிதன். ஆக்கள் இல்லாத மனுசி என்று சொன்னதை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைத்தார், அதையும் சொன்னார். சொல்லி முடித்தபோது கைபிடி மரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு இருந்ததைக் கண்டார். கீழே தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, அடியில் கிடக்கிற கல்வரை தெரிந்தது.

சோதி தண்ணீரைத்தான் பார்த்தான். "வரிசையிலை எத்தினையாம் ஆள் நீ?"

"நாப்பத்தொண்டு."

"தறப்பாள் கிடைச்சதோ?"

"கிடைச்சது."

"தெரியும்," என்றான் சோதி. "நீலம்."

சற்குணராசா அவனைப் பார்த்தார்.

"கடிதத்திலை என்ன எழுதினனி? மொட்டை அடிச்சுக் குளிச்சுக் கொள்ளி வைச்சனான் எண்டு. பிறகு பிள்ளையின்ரை முப்பத்தொண்டுக்கு எடுத்த படத்தை அனுப்பினனி. பிள்ளையைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறாய், தலை நிறைய மயிர், எண்ணெய் வைச்சு மேவி இழுத்து, முன்னுக்கு ஒரு சுருளும் விட்டிருக்கிறாய். ரெண்டு மாசத்திலை அவ்வளவு மயிர் எங்கைடா வளருது?"

இருபத்தெட்டு வருடமாக அந்தப் படம் இவருடைய வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் குளிக்கப் போவார். பிள்ளையைப் பார்த்திருக்கிறார், மங்களத்தின் மெலிந்த முகத்தைப் பார்த்திருக்கிறார், ஒரு நாளாவது தன் தலையைப் பார்க்கவில்லை. இந்த மண்டைக்குள்ளே ஒன்றும் இல்லை என்று வாத்தியார்மார் குட்டிக் குட்டிச் சொன்னது உண்மைதான்.

"அப்ப ஏன் நீ கேக்கேல்லை?"

"முதல் ஒரு கிழமை கோவம். ஹோட்டலிலை நாள் முழுக்கச் சற்குணம், சற்குணம் எண்டு என்னைக் கூப்பிடுவாங்கள். கூப்பிடக் கூப்பிட உன்னைக் கடிச்சுத் துப்போணும் போல இருக்கும். பிறகு ஒரு நாள் படத்தை வடிவாப் பாத்தன். பின்னுக்குத் தறப்பாள். ஒரு பிள்ளை நனையாமல் கிடக்குது. சரி, இவன் எங்கையோ மாட்டுப்பட்டுப் போனான், என்னட்டைச் சொல்லப் பயந்து போனான் எண்டு விளங்கீட்டுது. அம்மா இருந்திருந்தால் அவவும் வரிசையை விட்டிட்டு வராதே எண்டுதான் பேசியிருப்பா, உனக்குத் தெரியும்தானே அவவின்ரை வாய்." சோதி மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "கடிதத்தைக் கிழிக்கேல்லை. இப்பவும் வைச்சிருக்கிறன். மழை விட்டிருந்தது, சந்தனக்கட்டை போட்டது, முகம் நித்திரை மாதிரி. எனக்கு அம்மா அப்படித்தான் போனவ. பொய்யெண்டு தெரிஞ்சும் அதைத்தான் வாசிக்கிறனான்."

"தெரியும் எண்டு ஒரு வரி எழுதியிருக்கலாமே சோதி."

"எழுதினால் நீ வெக்கத்திலை கடிதம் போடுறதை விட்டிடுவாய். எனக்கு ஆர் இருந்தது அங்கை, உன்னை விட்டால்?"

சற்குணராசாவுக்கு ஒரு கணம் கோபம் வந்தது, உண்மையான கோபம், இருபத்தெட்டு சித்திராப் பௌர்ணமி சோறு இறங்காமல் போனதே என்று. அது வந்த வேகத்திலேயே போய்விட்டது, பின்னாலேயே சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை, முன்னுக்கு ஒரு சுருள் என்று சோதி சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் ஓட, இருக்க இடம் தேடி, பாலத்தின் உட்பக்கத்து மர விளிம்பில் குந்திவிட்டார். நெஞ்சு லேசாகிப் போயிற்று, அவ்வளவு லேசாக அது எப்போது இருந்தது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. பசித்தது. போன கிழமையிலிருந்து தொலைந்துபோன பசி இதோ பாலத்து நடுவில் வந்து நின்றது. பையைத் திறந்து தட்டை வடையை எடுத்து ஒன்றைக் கடித்தார், ஒன்றைச் சோதியிடம் நீட்டினார். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், இதுவும் பாலத்தில் பார்க்கவேண்டியது போலும் என்று இருவரையும் பார்த்துக்கொண்டு போனார்.

"நல்ல உறைப்பு," என்றான் சோதி, மென்றுகொண்டே. "இடம் தெரியுமெல்லே உனக்கு?"

"தெரியும். பிந்தித்தான் போனனான், ஆனால் இடம் தெரியும். புகைஞ்சுகொண்டிருந்தது."

"காணும். சித்திரையிலை கொண்டுபோய் அதிலை விடு. அந்த அரியாலை மனுசனையும் விசாரிச்சுப் பாப்பம். ஒரு வேட்டி சால்வை எண்டாலும் வாங்கிக் குடுக்கோணும்."

மதிலைக் கடந்து, ஏற்றம் ஒன்றில் மூச்சு வாங்கி, நாலு மாடி வீடு ஒன்றின் வாசலுக்கு வந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் பெல் வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பித்தளைத் தகடு. மேலிருந்து மூன்றாவதில் சற்குணராசா தன் பெயரைக் கண்டார். அச்சு எழுத்தில், துடைத்துப் பளபளவென்று, அப்பாவின் பெயரும் சேர்த்து. ஊரில் அவருடைய வீட்டில் பெயர்ப்பலகை கிடையாது, தபால்காரனுக்கு ஆளைத் தெரியும். வல்லிபுரத்தின் பெயரை இவ்வளவு நாளும் யாரோ துணியால் துடைத்து வைத்திருக்கிறார்கள். அவர் விரலால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, உள்ளே மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கையில் உடுப்புக் கூடையோடு ஒரு முதிய சுவிஸ்காரி இறங்கி வந்து கதவைத் திறந்து, நல்ல குரலில், "சற்குணராசா!" என்று கூப்பிட்டாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். இரண்டு பேரும் ஒன்றாக "ஓம்" என்றார்கள்.

மனுசி இவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். காலையில் ரயிலில் இதே பெயருக்குப் பயந்து பொலிஸ்காரனிடம் பாஸ்போட்டைத் தலைகீழாக நீட்டிய மனிதர், இப்போது பல்லைக் காட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். சோதி அவளிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னான், நீளமாக இல்லை, ஒரு வசனம்தான். அவள் முகம் மலர்ந்து, கூடையைக் கீழே வைத்துவிட்டு, சற்குணராசாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள்.

"என்னடா சொன்னனி?"

"அம்மாவின்ரை மற்றப் பிள்ளை எண்டு சொன்னன்," என்றான் சோதி, சட்டைப்பையில் வீட்டுத் திறப்பைத் தேடிக்கொண்டு. "வா, சாப்பாடு ஆறுது."

சற்குணராசா தலையைத் தடவிக்கொண்டு அவனுக்குப் பின்னால் படியேறினார்.